கனவுக் கல்லூரிக்குக் கொடுக்கும் காசு தகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து கவுன்சலிங் முடியும் வரை என் போனுக்கு ஓய்வு கிடையாது. மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார் நான். கட்-ஆஃப் போடத் தெரிந்தவனுக்குக் கல்லூரியும் தெரிந்திருக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. ஆள்தான் மாறுகிறார்களே தவிர கேள்வி மாறுவதில்லை, அதனால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன். இது பொறியியலுக்கு மட்டும். மருத்துவம் தனி உலகம், அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

சார், கனவுக் கல்லூரி கனவுக் கல்லூரின்னு சொல்றாங்களே, எதைச் சொல்றாங்க? எல்லாருக்கும் ஐஐடிதானா?

இல்லை. என்னிடம் வரும் பிள்ளைகளின் கனவு மூன்று விதம். ஒன்று, ஜேஇஇ என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுதிப் போகிற ஐஐடி, என்ஐடி. இரண்டாவது, தமிழ்நாடு அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் முதல் சுற்றிலேயே தீர்ந்துபோகிற பெயர்கள்: அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்ஐடி, கோவை பிஎஸ்ஜி, கோவை சிஐடி, மதுரை தியாகராஜர், சென்னை எஸ்எஸ்என் மாதிரி. மூன்றாவது, தனியே நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கிற பெரிய நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், அதாவது நாம் 'டீம்டு' என்று சொல்பவை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கனவு பெரிதாக இருந்தால் செலவும் பெரிதாக இருக்கும் என்று கட்டாயம் இல்லை. கிண்டியில் ஒரு வருடத்துக்குக் கட்டுகிற ஃபீஸைவிட அதிகமாக இங்கே சில பள்ளிகளில் எல்.கே.ஜி.க்கு வாங்குகிறார்கள். ஐஐடியில் வருடத்துக்குக் கல்விக் கட்டணம் 2 லட்சம், ஆனால் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு அது முழுக்கத் தள்ளுபடி. குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் அப்படியே, 5 லட்சம் வரை இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. ஆக, 'இவ்வளவு காசு தகுமா' என்று தூக்கம் கெடுக்கிற கேள்வி மூன்றாவது வகைக்கும், மேனேஜ்மென்ட் சீட்டுக்கும்தான்.

கிண்டி கிண்டின்னு பையன் அடம் பிடிக்கிறான். அப்படி அங்க என்னதான் இருக்கு?

1794-இல் நில அளவைப் பள்ளியாக ஆரம்பித்த இடம், நாட்டிலேயே மிகப் பழைய தொழில்நுட்பக் கல்லூரிகளில் ஒன்று. அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்ததும் யாருக்கும் ஆசை வரும். ஆனால் உள்ளே போனால் ஹாஸ்டல் பழசு, மெஸ்ஸில் மாதச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கட்டுகிற டிவைடிங் சிஸ்டம், சில ஆசிரியர்கள் அற்புதம், சிலர் பிபிடியை வாசித்துவிட்டுப் போவார்கள். ஏசி வகுப்பறையும் ஃபுட் கோர்ட்டும் எதிர்பார்த்துப் போகிறவனுக்கு முதல் வாரமே முகம் வாடும்.

பிறகு ஏன் அத்தனை மதிப்பு என்றால், கூடப் படிக்கிறவர்கள். கட்-ஆஃப் 200-க்கு 195, 198 என்று எடுத்துவிட்டு வந்த ஐம்பது அறுபது பேரோடு நாலு வருடம் உட்காரும்போது, பக்கத்து அறைக்காரன் கோடிங் போட்டிக்கு ராத்திரி உட்கார்ந்தால் இவனும் உட்காருவான், சீனியர் இன்டர்ன்ஷிப்புக்கு எழுதின மெயிலைப் பார்த்து இவனும் எழுதுவான். நிறுவனங்கள் முதலில் அங்கே போவதற்கும் அதுதான் காரணம், கவுன்சலிங்கே அவர்களுக்காக ஆள் வடிகட்டிக் கொடுத்துவிடுகிறது. இது கிண்டிக்கு மட்டுமல்ல, எந்தக் கனவுக் கல்லூரிக்கும் பொருந்தும். கட்டடத்தைப் பார்க்காதீர்கள், வகுப்பில் யார் உட்காரப் போகிறார்கள் என்று பாருங்கள்.

மொத்தம் எவ்வளவு ஆகும்னு ஒரு கணக்கு சொல்லுங்க சார்.

கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால், சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 2017-இல் கட்டண நிர்ணயக் குழு வைத்த உச்சவரம்பு ஆண்டுக்கு 50,000 ரூபாய், என்பிஏ எனும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற படிப்பு என்றால் 55,000. புதிதாக ஏதும் அறிவித்திருக்கிறார்களா என்று சேருகிற வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அரசுக் கல்லூரியிலும், பிஎஸ்ஜி, சிஐடி, தியாகராஜர் ஆகியவற்றின் அரசு உதவி பெறும் பிரிவுகளிலும் இதைவிட வெகு குறைவு. ஆனால் அதே கல்லூரியில் அதே படிப்பின் பெயருக்குப் பின்னால் 'எஸ்எஸ்' என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு, ஃபீஸ் வேறு. சாய்ஸ் கொடுக்கும்போது இந்த இரண்டு எழுத்தைக் கவனிக்காமல் விட்டவர்கள் ஏராளம்.

நிகர்நிலையில் நுழைவுத் தேர்வு ரேங்க்கைப் பொறுத்து ஆண்டுக்குச் சுமார் 2 லட்சத்தில் ஆரம்பித்து 4 லட்சத்தைத் தாண்டியும் போகும். நல்ல ரேங்க் எடுத்தவன் 2 லட்சம் கட்டுகிற அதே வகுப்பில், அதே பெஞ்சில், இன்னொருவன் இரு மடங்கு கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பான். 4 லட்சம் என்று வைத்தால் நாலு வருடத்துக்கு 16 லட்சம். ஹாஸ்டல், சாப்பாடு வருடத்துக்கு ஒன்றரை லட்சம் சேர்த்தால் 22 லட்சம். கவுன்சலிங் சீட்டுக்கு 55,000 வீதம் கல்விக் கட்டணம் 2 லட்சத்து 20 ஆயிரம், அதோடு ஹாஸ்டலும் மற்ற கட்டணங்களும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன வீட்டுமனையே நிற்கிறது.

ஐம்பது லட்சம் பேக்கேஜ்னு ஹைவேல பேனர் வச்சிருக்காங்களே, அது பொய்யா?

பெரும்பாலும் பொய்யாக இருக்காது. ஒருவருக்கோ இருவருக்கோ நிஜமாகவே கிடைத்திருக்கும். ஆனால் அந்தப் பையன் எந்தக் கல்லூரியில் படித்திருந்தாலும் அதை வாங்கியிருப்பான் என்பதுதான் என் எண்ணம். 'பேக்கேஜ்' என்பதும் கையில் வரும் சம்பளம் அல்ல. சேரும்போது ஒரே தடவை தருகிற போனஸ், சில வருடத்தில் பிரித்துத் தருகிற பங்குகள், பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் கூட்டிப் போட்ட தொகை அது.

சராசரியையும் நம்பாதீர்கள். ஒன்பது பேருக்கு 4 லட்சம், ஒருத்தருக்கு 54 லட்சம் என்றால் சராசரி 9 லட்சம்; ஆனால் அந்த வகுப்பில் 9 லட்சம் வாங்குகிறவர் ஒருவருமே இல்லை. சம்பளத்தை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கிறவர் எவ்வளவு வாங்குகிறார் என்று கேளுங்கள், அதுதான் இடைநிலை. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் தாண்டி இது உதவுகிற இடம் வாழ்க்கையில் இது ஒன்றுதான் என்று என் பிள்ளைகளிடம் சொல்வேன். உங்கள் மகன் முதல் ஆளாக வருவான் என்று ஆசைப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பணத்தை மட்டும் நடு ஆளை வைத்துப் போடுங்கள்.

அந்த நடு ஆள் சம்பளத்தை எங்க பாக்கறது? காலேஜ்ல கேட்டா புரோஷரை நீட்டறாங்க.

மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும், தான் கொடுத்த தகவலைத் தன் இணையதளத்திலேயே பிடிஎஃப்-ஆகப் போட்டிருக்க வேண்டும். முகப்புப் பக்கத்தில் மூலையில் 'என்ஐஆர்எஃப்' என்று ஒரு சின்ன இணைப்பு இருக்கும். அதைத் திறந்தால் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் வாங்கினார்கள், எத்தனை பேருக்கு வேலை, வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளம், எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று மூன்று வருடக் கணக்கு அட்டவணையாக இருக்கும். புரோஷரில் எதை வேண்டுமானாலும் போடலாம், இது அரசுக்குக் கொடுத்த கணக்கு.

இதிலும் இரண்டு இடத்தில் உஷாராக இருங்கள். அந்த இடைநிலை 'வேலை கிடைத்தவர்களுக்கு' மட்டும். பட்டம் வாங்கிய எண்ணிக்கையால் வேலை கிடைத்த எண்ணிக்கையை நீங்களே வகுத்துப் பார்த்தால்தான் மீதிப்பேர் தெரிவார்கள். அடுத்தது, எல்லாப் பிராஞ்சும் ஒன்றாகக் கலந்திருக்கும். உங்களுக்கு வேண்டிய பிராஞ்சின் நிலவரத்துக்கு அங்கே மூன்றாம் வருடம், நான்காம் வருடம் படிக்கிற இரண்டு பேரிடம் பேசுங்கள். கல்லூரியே அறிமுகப்படுத்தும் மாணவரிடம் வேண்டாம், நம் ஊரிலிருந்து போனவர் யாராவது இருப்பார்.

அப்ப என்ஐஆர்எஃப் ரேங்க்கைப் பாத்தே சேத்துடலாமே?

ரேங்க் வேறு, மேலே சொன்ன பிடிஎஃப் வேறு. ரேங்க்கில் ஆராய்ச்சிக்கு மட்டுமே நூற்றுக்கு 30, 'கருத்து மதிப்பீடு' என்று வெளியாட்கள் நினைப்பதற்கு 10. பி.இ. படிக்கிற பையனுக்குப் பேராசிரியர் எத்தனை கட்டுரை வெளியிட்டார் என்பதால் நேரடியாக என்ன வந்துவிடப் போகிறது? ஐஐடி மெட்ராஸ் 2016 முதல் பொறியியலில் முதலிடம், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. 40-ஆம் இடத்துக்கும் 70-ஆம் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்காக 10 லட்சம் கூடக் கட்டலாமா என்றுதான் கேட்கிறீர்கள். கட்டாதீர்கள்.

லோன் போட்டுக்கலாம் சார், அவன் வேலைக்குப் போய் கட்டிடுவான்.

எவ்வளவு லோன், எவ்வளவு சம்பளம்? வருடத்துக்கு 3 லட்சம் வீதம் 12 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிக்கும் காலமும் அதற்கப்புறம் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தனி வட்டியாகப் போட்டாலே அது 4 லட்சத்து 20 ஆயிரம். ஆக, கட்ட ஆரம்பிக்கும்போது கடன் 16 லட்சத்து 20 ஆயிரம். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 21,400 ரூபாய். படிக்கும்போதிலிருந்து தவணை தொடங்கும் வரை வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டி வந்தால் அது சுமார் 15,900-க்கு இறங்கும், முடிந்தவர்கள் அதைச் செய்யுங்கள்.

இப்போது நடு ஆளைக் கூப்பிடுங்கள். பெரிய ஐ.டி. நிறுவனங்களில் ஃப்ரெஷராகச் சேருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இன்றும் வருடத்துக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான், கையில் மாதம் 25,000 சொச்சம். அதில் 21,400 போனால் சென்னையிலோ பெங்களூரிலோ அறை வாடகைக்கு அப்பாதான் பணம் அனுப்ப வேண்டும். 2023, 2024-இல் ஐ.டி. நிறுவனங்கள் புதிய ஆட்களை எடுப்பதைக் குறைத்தபோது நல்ல கல்லூரிப் பிள்ளைகளே காத்திருந்தார்கள், வங்கி காத்திருக்காது. நான் சொல்லும் வரம்பு இதுதான்: அந்தக் கல்லூரியின் இடைநிலைச் சம்பளத்தில் கைக்கு வருவதில் மூன்றில் ஒரு பங்குக்குள் தவணை அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அந்தக் கல்லூரி உங்களுக்கு விலை அதிகம், கல்லூரி மோசம் என்று அர்த்தமில்லை.

வங்கி நடைமுறையும் ஒரு வரி: வழக்கமான திட்டத்தில் ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது, அதற்கு மேல் கேட்பார்கள். 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு, குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. மேனேஜர் தெரியாது என்றால் பிரிண்ட் எடுத்துக் காட்டுங்கள்.

நான் கவர்ன்மென்ட் ஸ்கூல் சார், வீட்ல முதல் பட்டதாரி. டீம்டுல சேர்ந்தா அந்தச் சலுகையெல்லாம் வருமா?

வராது தம்பி, இதை யாரும் உனக்குச் சொல்ல மாட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அதில் கல்விக் கட்டணம், ஹாஸ்டல் எல்லாமே அரசு கட்டும். 2021 முதல் பொறியியலுக்கு இது இருக்கிறது. அது கவுன்சலிங்கில் வாங்கும் சீட்டுக்குத்தான். முதல் பட்டதாரி சலுகையும் அப்படித்தான். நீ கவுன்சலிங்கை விட்டு வெளியே போகும்போது, கூடுதலாகக் கட்டும் ஃபீஸ் ஒரு செலவு, இழக்கிற சலுகை இன்னொரு செலவு. உன் விஷயத்தில் எனக்கு இரண்டு யோசனை இல்லை, கவுன்சலிங்தான்.

பெரிய காலேஜ்ல வேண்டாத பிராஞ்ச், சுமாரான காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ். எதை எடுக்கறது?

இதற்கு ஒரே பதில் கிடையாது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அண்ணா பல்கலைக்கழக வளாகங்களில் பிரிண்டிங், மைனிங், ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ், செராமிக், டெக்ஸ்டைல், ரப்பர் அண்ட் பிளாஸ்டிக்ஸ் என்று கட்-ஆஃப் கொஞ்சம் இறங்கும் படிப்புகள் உண்டு. கிண்டி வளாகத்திலேயே இருக்கும் ஏசிடெக் என்ற அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியின் லெதர் டெக்னாலஜி, பக்கத்திலேயே இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து நடக்கிறது. பிடித்துப் படித்தால் உண்மையிலேயே தனித்துவமான படிப்பு. முன்பு சொன்ன 'கூடப் படிக்கிறவர்கள்' என்ற லாபம் இங்கேயும் கிடைக்கும், ஏனென்றால் ஹாஸ்டல் ஒன்றுதான், கிளப் ஒன்றுதான், பிளேஸ்மென்ட் அலுவலகமும் ஒன்றுதான்.

ஆனால் சில நிறுவனங்கள் எல்லாப் பிராஞ்சையும் உட்கார விடும், சில நிறுவனங்கள் சர்க்யூட் பிராஞ்ச், அதாவது கம்ப்யூட்டர், எலெக்ட்ரானிக்ஸ், எலெக்ட்ரிக்கல் வகை மட்டும் என்று கதவைச் சாத்தும். நாலு வருடம் பிடிக்காத பாடத்தில் சிஜிபிஏ-வைக் காப்பாற்றிக்கொண்டே தனியாக கோடிங்கும் கற்றுக்கொள்ள ஒரு பிடிவாதம் வேண்டும், அது உங்கள் பிள்ளைக்கு இருக்கிறதா என்று உங்களுக்குத்தான் தெரியும். சுமாரான கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸை எடுப்பதாக இருந்தால், அந்தக் கல்லூரியில் அந்த ஒரு பிராஞ்சுக்கு மட்டும் திடீரென்று எத்தனை செக்‌ஷன் ஏற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். எட்டு செக்‌ஷன் வைத்துவிட்டு ஆசிரியருக்கு எங்கே போவார்கள்?

என் சாய்வைக் கேட்டால், படிப்பின் மேல் வெறுப்பு இல்லை, வெறுமனே 'தெரியாது' என்றால் பெரிய கல்லூரி. வெறுப்பு என்றால் வேண்டாம். சேலம், கோவை ஜிசிடி, திருநெல்வேலி, காரைக்குடி அழகப்பா மாதிரி பழைய அரசுக் கல்லூரிகளை இரண்டுக்கும் நடுவில் எப்போதும் மறந்துவிடுகிறார்கள், அவற்றையும் பட்டியலில் வையுங்கள்.

பொண்ணை அவ்வளவு தூரம் ஹாஸ்டல்ல விட மனசு வரல. பக்கத்திலேயே ஒரு காலேஜ் போதுமே சார்?

அக்கா, மகனாக இருந்தால் இதைக் கேட்டிருப்பீர்களா? கட்-ஆஃப் 190 வைத்துக்கொண்டு காலேஜ் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் சேர்த்து, பிறகு அதே பெண்ணை வேலைக்குப் பெங்களூருக்கு அனுப்பத்தானே போகிறீர்கள்? அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். ஹாஸ்டலை நேரில் போய்ப் பாருங்கள், வார்டனிடம் பேசுங்கள், பிறகு விடுங்கள்.

ஒரு வருஷம் டிராப் பண்ணி மறுபடி ட்ரை பண்ணட்டுமா?

கவுன்சலிங்குக்காக என்றால் அர்த்தமே இல்லை, பிளஸ் டூ மதிப்பெண் அப்படியேதான் இருக்கும். ஜேஇஇ-க்காக என்றால், ஐஐடி-க்கான இரண்டாம் கட்டத் தேர்வான அட்வான்ஸ்டை அடுத்தடுத்த இரண்டு வருடத்தில் இரண்டு முறைதான் எழுத முடியும். முதல் முறை மயிரிழையில் தவறியவன் செய்யலாம். அதற்கு முந்தைய மெயின் தேர்விலேயே வெகு தூரம் பின்னால் நின்றவனுக்கு நான் சொல்ல மாட்டேன்.

மேனேஜ்மென்ட் சீட்டுக்கு ஒரு தொகை கேக்கறாங்க, ரசீது கிடையாதாம். குடுக்கலாமா?

தமிழ்நாட்டில் நன்கொடை வாங்குவதைத் தடை செய்து 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. ரசீது இல்லாத பணம் என்றால் அது இல்லாத பணம்தான், நாளைக்கு விலகினால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? இன்னொன்றும் யோசியுங்கள். இரண்டாவது கேள்வியில் சொன்னபடி நீங்கள் வாங்குவது வகுப்புத் தோழர்களை. காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற வகுப்பில் அந்தச் சரக்கே குறைவு.

எங்க பையனுக்குக் கனவுக் கல்லூரி கிடைக்கல. ரூமை விட்டே வர மாட்டேங்கிறான்.

இரண்டு நாள் விடுங்கள், அப்புறம் இதைச் சொல்லுங்கள். நாலு வருடம் கழித்து 'கேட்' என்ற எம்.டெக். நுழைவுத் தேர்வை எழுதி ஐஐடி-க்குள் எம்.டெக். போகலாம், அப்போது அவர்களே மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை தருவார்கள். எந்தக் கல்லூரியில் பி.இ. படித்தாய் என்று அந்தத் தேர்வு கேட்பதில்லை. ஐஐடி மெட்ராஸ் டேட்டா சயின்ஸில் நடத்தும் பி.எஸ். படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை, நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும், இங்கே பி.இ. படித்துக்கொண்டே அதையும் படிக்கிறவர்கள் நிறைய. அது பி.டெக். அல்ல, கேம்பஸ் வாழ்க்கையும் அல்ல, வாரா வாரம் அசைன்மென்ட் முதுகை ஒடிக்கும். அதைத் தெரிந்துகொண்டு சேரட்டும்.

ஆசைப்பட்ட காலேஜ்லயே சேர்ந்துட்டேன் சார், ஆனா நினைச்ச மாதிரி எதுவுமே இல்ல. மாறிடவா?

முதல் செமஸ்டரில் இதைச் சொல்லாதவர்கள் குறைவு. பள்ளியில் முதல் மார்க் எடுத்தவன் அங்கே நாற்பதாவதாக நிற்கிறான், வலிக்கத்தான் செய்யும். எது பிடிக்கவில்லை என்று பிரித்துப் பார். மெஸ், அறை, ராகிங் பயம் என்றால் அதற்குத் தனித்தனி வழி உண்டு, ராகிங் என்றால் உடனே புகார் செய். பாடமே பிடிக்கவில்லை என்றால் முதல் வருட மதிப்பெண்ணை வைத்துப் பிராஞ்ச் மாற்ற அங்கே வழி இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேள், சில இடங்களில் உண்டு. வீட்டில் 20 லட்சம் கடன் ஏறிக்கொண்டிருப்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால், அதை அப்பாவிடம் முதல் வருடத்திலேயே பேசு, மூன்றாம் வருடத்தில் பேசி என்ன ஆகப் போகிறது.

டீம்டுல முதல் தவணை கட்டிட்டோம். இப்ப கவுன்சலிங்ல நல்ல காலேஜ் வந்திருக்கு. கட்டின பணம் போச்சா?

போகவில்லை, ஆனால் நாளை எண்ணுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2018-இல் வகுத்த விதிப்படி, சேர்க்கைக்கான கடைசி நாளுக்குக் குறைந்தது 15 நாள் முன்பே விலகினால் கட்டணம் முழுவதும் திரும்ப வர வேண்டும், அதில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் கழிக்கலாம். அந்தக் கடைசி 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம், தேதி முடிந்து 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. சில வருடங்களில் யுஜிசி இதைவிடத் தாராளமான தனி அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது, அந்த வருடத்துக்கு எது செல்லும் என்று அவர்கள் தளத்தில் பாருங்கள். மூலச் சான்றிதழ்களை யாரும் பிடித்து வைக்கவும் கூடாது.

கவுன்சலிங் இடத்தை உறுதி செய்த அன்றே விலகல் கடிதத்தை மெயிலில் அனுப்பி, நேரிலும் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். 'அடுத்த வாரம் வாங்க' என்று வாயால் சொல்வார்கள், அதற்குள் முப்பது நாள் ஓடிவிடும்.